எலி கடித்த காலர்கள்

என் கல்யாணத்துக்கு முந்திய நோன்பு மாதத்தில் நான் ஊரில் பெரிய தொழுகையாளி ஆகிவிட்டேன். அதற்காக நான் ஒன்றும் செய்யவில்லை. வாயில் ஒரு குச்சி இருந்தது, அவ்வளவுதான்.

குச்சி என்றால் மிஸ்வாக். தொழுகைக்கு முன்னால் பல் துலக்குவதற்கென்று பள்ளிவாசல் வாசலில் விற்பார்கள். நுனியை மென்று நாராக்கித் தேய்க்க வேண்டும். நோன்பு வைத்திருக்கும்போதும் அதற்குத் தடையில்லை. நாள் முழுக்க எதையாவது வாயில் வைத்து மென்றுகொண்டிருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், போதாததற்கு நன்மையும் கிடைக்கும் என்றால் என் மாதிரி ஆளுக்கு வேறென்ன வேண்டும்?

என் மாதிரி ஆள் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எனக்கு எதையாவது மென்றுகொண்டே இருக்க வேண்டும். பசிக்காக இல்லை, ருசிக்காகவும் இல்லை. சட்டைக் காலர், பேனா மூடி, கைக்குட்டை முனை, எது கிடைத்தாலும் சரி. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினாலோ, டியூப்லைட் வெளிச்சம் கண்ணில் குத்தினாலோ என் தலைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டும். பல்லுக்கு நடுவே அழுத்தமாக ஏதாவது அகப்பட்டால் அடங்கும். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு, வளர்ந்த பிறகும், இந்தப் பழக்கம் உண்டு என்பதெல்லாம் நாற்பது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டது. அப்போது எங்கள் வீட்டில் அதற்கு இருந்த ஒரே பெயர் அசிங்கம்.

எங்களுக்கு விருதுநகர் பஜாரில் சணல் கடை. அணுகுண்டு வெடிக்கு மேலே இறுக்கிச் சுற்றியிருக்குமே நூல், அது எங்கள் கடையிலிருந்தும் சாத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போகும். அந்த வருடங்களில் நோன்பும் தீபாவளி சீசனும் ஒன்றாக வந்து விழுந்தன. லாரி ஹாரன், போன் மணி, லோடு எங்கே, ஆர்டர் எங்கே என்ற கூச்சல். வேறு மாதமாக இருந்திருந்தால் வாரத்துக்கு இரண்டு காலரைத் தின்று தீர்த்திருப்பேன். நோன்பில் துணியை வாயில் வைத்தால் அத்தா, அதாவது என் அப்பா, கடையென்றும் பார்க்காமல் கத்துவார். அதனால் குச்சி. ஒரு நாளைக்கு இரண்டு, சில நாள் மூன்று.

அச்சங்குளத்தில் ஒரு கம்பெனிக்கு நூல் இறக்கப் போனேன். பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். என் வாயைப் பார்த்ததும் வாட்ச்மேன் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"பாய், வாயில பீடியா? ஊரையே கொளுத்தப் பாக்கீகளா?"

எடுத்துக் காட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்தார். எங்கள் வேன் டிரைவர் இறங்கி வந்து, "அண்ணாச்சி, அது பல்லு வெளக்குற குச்சி. பாய் நோன்புல இருக்காக. எப்பவும் அல்லா நெனப்புதான்" என்றார். வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டார். சத்தம் தாங்காமல்தான் மெல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். குச்சியை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் முடிவதற்குள் பேச்சு பரவிவிட்டது. "இம்புட்டு நெருக்கடியிலயும் நபிவழிய விடாத பிள்ள" என்று பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தே என் தோளைத் தட்டினார். நான் பொய் சொல்ல மாட்டேன். நல்லவன் என்பதால் இல்லை, எனக்குப் பொய் சொல்ல வராது. யாராவது நேராகக் கேட்டிருந்தால் நேராகச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. அவர்களாக நினைத்துக்கொள்வதற்கு நான் என்ன பொறுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

சாத்தூரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து பெண் கொடுக்க வந்தார்கள். மாப்பிள்ளையைப் பற்றிப் பள்ளிவாசலில் விசாரித்தார்கள். என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான முதல் வாரம், காலையில் பசியாறும்போது, என் மனைவியே சிரித்துக்கொண்டு சொன்னாள். அவளுடைய அக்கா வீட்டுக்காரர் குடிகாரர், வெள்ளிக்கிழமைகூடத் தொழப் போகாதவர். அக்கா படும் பாட்டைப் பார்த்து இவள் பயந்துபோயிருந்தாள்.

"மாப்பிள்ளைக்கு வசதி இல்லாட்டியும் போகுது, தொழுகையாளியாப் பாருங்கன்னு அத்தாட்ட அழுதேன். உங்களப் பத்தி விசாரிச்சிட்டு வந்து சொன்னதும் மறுபேச்சே பேசல."

நான் தட்டிலிருந்த இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

குச்சியெல்லாம் நான் வெளியே போகும்போதுதான். வீட்டில் என்னை அறியாமலேயே காலர் வாய்க்குப் போய்விடும். அவள் கண்ணில் படாமல் இருக்க, மாடியில் சாக்கு அடுக்கியிருந்த அறைக்குப் போய்விடுவேன். கல்யாணத்துக்கு முன் என் சட்டைகள் அம்மாவின் பொறுப்பு. கடித்துப் பிய்ந்த காலரைப் பிரித்து, திருப்பிப் போட்டு, தையல் மெஷினில் தைத்துவிடுவார். இருபது வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு செய்த வேலை. அத்தாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது. இப்போது துவைப்பதும் மடிப்பதும் அவள் கைக்குப் போய்விட்டது.

ஒரு நாள் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "என்னங்க, இங்கன பாருங்களேன். எலி கடிச்சிருக்கு."

"ம்" என்றேன்.

ம் என்பது பொய்யில்லை என்று ஒரு கணக்குப் போட்டேன். பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமா, எலி கெடக்கு இந்த வீட்ல" என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அம்மா என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

ஆனால் எலி என்று ஒன்று வந்துவிட்டால் அது யாரால் வந்தது என்றும் கேள்வி வருமல்லவா? சட்டைகள் தொடர்ந்து பிய்ந்தன. வந்து போகிற பெண்கள் என்ன இது என்று கேட்டார்கள். அம்மாவின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "நான் துவச்சு மடிச்ச வரைக்கும் ஒரு சட்டைல பல்லு படல. அலமாரியச் சுத்தமா வெக்கத் தெரியணும்ல" என்று அவள் காதுபடவே சொல்ல ஆரம்பித்தார். அவள் வாரம் ஒரு தடவை அலமாரியைக் காலிசெய்து துடைத்தாள். அந்துருண்டை போட்டாள். எலிப்பொறி வாங்கி வந்தாள். பொறியில் மாட்டுவதற்குத் தேங்காய்ச் சில்லு நறுக்கிச் சுட்டுக் கொடுத்தது நான். பொறி தெறித்து அவளுடைய ஆள்காட்டி விரல் நகம் கறுத்துப்போனது. மருந்து வாங்கி வந்து போட்டுவிட்டதும் நான்தான். உண்மையை மட்டும் சொல்லவில்லை.

அவள் அம்மா சாத்தூரிலிருந்து பார்க்க வந்தபோது, தேத்தண்ணி குடித்துக்கொண்டே என் அம்மா இந்த எலிக் கதையை எடுத்தார். அவள் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சின்னப் பிள்ளதானே, கோவிச்சுக்கிறாதீக. நான் சொல்லித் தாரேன்" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கடைக்குக் கிளம்பிய நான் வாசலில் நின்றேன், வாயில் குச்சியோடு. குச்சியை எடுத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற நேரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

மறுபடியும் நோன்பும் சீசனும் வந்தன. பச்சை மிளகாயை இடித்துப் பிழிந்து தடவினால் எலி அண்டாது என்று பக்கத்து வீட்டில் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அலமாரியில் இருந்த சட்டைகளின் காலரில் எல்லாம் தடவி வைத்துவிட்டாள். காலையில் நான் கிளம்பும்போது அடுப்படியிலிருந்து, "கொடில கெடக்குற சட்டையப் போட்டுப் போங்க, அலமாரில எடுக்காதீக" என்று குரல் கொடுத்தாள். அன்று புதன்கிழமை. எனக்கு எந்தக் கிழமைக்கு எந்தச் சட்டை என்று உண்டு. புதன்கிழமைச் சட்டை அலமாரியில் இருந்தது. ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

கழுத்து எரிந்தது. வேர்க்குரு என்று நினைத்தேன். மத்தியானம் மூன்று கம்பெனி ஆட்கள் ஒரே நேரத்தில் நூல் கேட்டு நின்றார்கள். கையிலிருந்த குச்சி தீர்ந்துபோயிருந்தது. சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் காலரைக் கடித்தேன்.

உதடும் நாக்கும் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டன. நோன்பு, தண்ணீர் குடிக்க முடியாது. கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினேன். எரிச்சல் கண்ணுக்கு ஏறியது. கடையை அத்தாவிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அவள்தான் கதவைத் திறந்தாள். வீங்கின உதட்டைப் பார்த்தாள். பிறகு காலரைப் பார்த்தாள். அது ஈரமாக, பல் பதிந்து கிடந்தது. கிட்டே வந்து முகர்ந்தாள்.

"வீட்ல இருந்த எலி கடைக்கும் வந்துருச்சா?" என்றாள்.

அவளுக்குக் கோபம் நான் மெல்வதால்தான் என்று நினைத்துக்கொண்டு, "இனிமே மெல்ல மாட்டேன்" என்றேன்.

"மெல்லுறதயா கேட்டேன்? பொறிக்குத் தேங்கா நறுக்கிக் குடுத்தீகளே, அதச் சொல்லுங்க." என் அம்மா இருந்த அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பினாள். "மாமிக்குத் தெரியுமா?"

நேராகக் கேட்டுவிட்டாள். "தெரியும்" என்றேன். "சின்னதுல இருந்தே தெரியும்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கறுத்த நகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, "நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் நிக்கிறேன்" என்றாள்.

அடுப்படியில் அம்மா நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். "அம்மா, எலி இல்லைன்னு இவளுக்குத் தெரிஞ்சிருச்சு. இனிமே இவளக் கொற சொல்லாதீக" என்றேன். வார்த்தைகள் உப்பில்லாமல் வந்தன. இதைச் சொல்லவா ஒரு வருடம் எடுத்தேன் என்றிருந்தது.

அம்மா கிண்டுவதை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அவளைப் பார்த்துத்தான் கேட்டார். கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத குரல்.

"முன்னக்கூட்டியே சொல்லிருந்தா? எம்மகன் துணியத் தின்பான், நூலத் தின்பான்னு சொல்லிருந்தா நீ இவனக் கட்டிருப்பியாம்மா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

இல்லை மாமி, கட்டியிருப்பேன் என்று அவள் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்ன, கெஞ்சாத குறையாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் யோசித்தாள். நோன்பாளி, நெஞ்சைத் தொட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வராத பொய் அவளுக்கும் வரவில்லை.

"கட்டிருக்க மாட்டேன் மாமி" என்றாள்.

"அதான்" என்றார் அம்மா. கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இருபது வருடம் கதவைச் சாத்திக்கொண்டு தைத்ததெல்லாம் சரி என்று அவள் வாயாலேயே ஆகிவிட்டது. எனக்கு வாய் எரிந்ததைவிட அது எரிந்தது.

பாங்கு சொன்னதும் மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து நோன்பு திறந்தோம். அவள் சாத்தூருக்குக் கிளம்பிப் போய்விடுவாள் என்று பெருநாள் வரைக்கும் தினமும் பயந்தேன். போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்க எனக்கு இத்தனை வருடத்தில் தைரியம் வரவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள்.