சாமி வீரனின் காப்பு

இசக்கிதுரை எங்கள் மேஜைக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தலைவலிதான். மாட்டுங்காவில் எங்கள் வீட்டு ஹாலில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் உட்கார்ந்து கதை ஆடுவோம். ஆளுக்கொரு பாத்திரம், அதற்கு என்ன ஆகும் என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்துவதும் தீர்ப்புச் சொல்வதும் வந்தனாவாகிய நான். தாராவி லேபர் கேம்ப்பில் டீ-ஷர்ட் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கும் இசக்கிதுரை, எங்களுக்கு டீ-ஷர்ட் கொடுக்க வந்தவன், ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு இங்கேயே ஒட்டிக்கொண்டான்.

அவன் எடுத்த பாத்திரம் பாலடின், சாமிக்கு விரதம் பூண்ட போர்வீரன். சாமி வீரன் என்று அவனே பெயர் மாற்றிக்கொண்டான். சாமி வீரனின் கை பட்டால் காயம் ஆறும். ஆனால் அவன் பொய் சொல்லக்கூடாது, அடைக்கலம் வந்தவரைக் கைவிடக்கூடாது. மீறினால் சக்தி போய்விடும். மற்றவர்கள் என்றால் இதில் ஓட்டை எங்கே என்று தேடுவார்கள். இவன், கோயில் விரதத்துக்குக் கட்டும் காப்பை நினைத்து, "காப்பு எப்பக்கா அவுப்பாவ?" என்று கேட்டான். இந்தக் காப்பை அவிழ்ப்பதே கிடையாது என்றேன்.

"அய்யோ பாவம்" என்றான்.

ஒருநாள் கதையில் அரசனின் ஆட்கள் ஒரு குயவப் பெண்ணைக் கொல்லத் துரத்தி வந்தார்கள். அவளைக் குகையில் ஒளித்துவிட்டு வாசலில் நின்றது இவனுடைய வீரன். அவள் உள்ளே இருக்கிறாளா என்று ஆட்களின் குரலில் கேட்டேன். "இருக்கா. என்னத் தாண்டிப் போ, பாப்போம்" என்றான். சண்டையில் அந்தப் பெண் பிழைத்தாள். என் அண்ணா பையன் ஷ்ரவண் ஆசை ஆசையாக வளர்த்த வில்லாளி செத்தான்.

"அரே, ஒரு பொய் சொன்னா என்ன கொறஞ்சு போயிடும்?" என்று ஷ்ரவண் கத்தினான்.

"கையில வாள் இருக்கைல எதுக்குப் பொய்?"

எனக்கும் எரிச்சல்தான். நல்லவனாக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

ஆடியில், தாராவி அம்மன் கோயிலில் அவன் நிஜமாகவே காப்புக் கட்டினான். பிரசவத்தில் சாகக் கிடந்து பிழைத்த மனைவி கலைச்செல்விக்காகத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தான். காப்புக் கட்டியவன் எல்லை தாண்டக்கூடாது என்று ஆட்டத்துக்கும் வரவில்லை. அப்போது நடந்ததைக் கலைச்செல்விதான் எனக்குச் சொன்னாள்.

தீச்சட்டிக்கு முந்தின நாள் மத்தியானம், பக்கத்து வீட்டு மாரிசெல்வி உதடு கிழிந்து இவர்கள் வீட்டுக்குள் ஓடிவந்தாள். புருஷன் அடிப்பது சந்துக்கே தெரியும். அன்றைக்கு அவன் கையில் தோல் வெட்டும் கத்தி. கலைச்செல்வி அவளைப் பரணில் ஏற்றிவிட்டுக் குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வாசலில் இசக்கிதுரை நின்றான். இங்கே வாள் இல்லை. வந்தவன் இவன் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பார்த்தான்.

"அண்ணே, காப்புக் கட்டுன கை. நீங்க பொய் சொல்ல மாட்டீய. அவ இங்க வந்தாளா?"

"வரல."

அந்த ஒரு சொல்லை நம்பி அவன் போய்விட்டான். சாயங்காலத்துக்குள் மாரிசெல்வி விக்ரோலியில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அதன் பிறகு இசக்கிதுரை கோயிலுக்குப் போய்ப் பூசாரி பூலோகத்திடம் கையை நீட்டினான். "பொய் சொல்லிட்டேன். அவுத்துருங்க."

"ஒரு உசிரக் காப்பாத்திருக்க. அம்மன் கோவிச்சுக்கிட மாட்டா. போய் சட்டிய எடு."

"அவன் என்னய நம்பல சாமி, காப்பத்தான் நம்புனான். நாளைக்குக் கேட்டாலும் வரலன்னுதான் சொல்லுவேன். ஆனா இந்தக் கையால சட்டி எடுக்க மாட்டேன்."

பூசாரி அவிழ்க்க மறுத்துவிட்டார். நேர்ச்சை பாதியில் நின்றால் யாருக்காக நேர்ந்ததோ அந்த உயிருக்கு ஆபத்து என்பார்கள். பின்னாலேயே வந்திருந்த கலைச்செல்வியும் அதை நம்புகிறவள்தான். ஆனாலும் குழந்தையை அவன் தோளில் போட்டுவிட்டு, "என் உசிருக்குத்தான நேந்தீய? நானே அவுக்கேன்" என்று மஞ்சள் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். மறுநாள் மழையில் தீச்சட்டிகள் போனபோது இருவரும் ஓரமாக நின்று கும்பிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் ஷ்ரவணின் புது ஆள் வெட்டுப்பட்டு விழுந்தான். தொட்டு ஆற்றவேண்டியது சாமி வீரன். இசக்கிதுரை அசையவில்லை.

"சக்தி போயிருக்கும்லாக்கா?"

வீரன் எந்தப் பொய்யும் சொல்லவில்லையே என்று விதிப்படி பதில் சொல்லியிருக்கலாம். அவன் கேட்டது வீரனைப் பற்றி அல்ல. இவனுக்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார்?

"கையை வை, துரை" என்றேன்.

வெறும் மணிக்கட்டோடு அவன் மேஜைமேல் கையை வைத்தான். ஷ்ரவண் பகடையைத் தொடவே இல்லை.

"ஆறிடுத்து" என்றான்.