ஞாயிற்றுக்கிழமைப் பால்

அம்மா எப்படி இருக்கிறாள் என்று யாராவது கேட்டால், "நாலு புள்ளி மூணு" என்று நான் பதில் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. காய்ச்சலா, சர்க்கரையா, எந்தக் கணக்கு இது என்று கேட்டவர்கள் முழிப்பார்கள். இரண்டுமில்லை. அன்று காலை அம்மா சொசைட்டியில் ஊற்றிய பாலில் இருந்த கொழுப்பின் அளவு அது.

அப்பா போன பிறகு ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். தனியாக என்றால் அவளும் ஒரு கலப்பின மாடும். அக்கா கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் அவள் போனுக்கு சிக்னல் கிடைக்கும் என்பதால், அம்மாவைக் கவனிக்கும் பொறுப்பு அம்பத்தூரில் இருந்த என் தலையில் விழுந்தது. நான் ஒரு போல்ட் நட்டு கம்பெனியில் தரப் பரிசோதகன். ஒரு நாளைக்கு எத்தனையோ போல்ட்டுகளைச் சரியில்லை என்று ஒதுக்குபவன். ஒரு அம்மாவைச் சமாளிக்க முடியாதா என்று நினைத்தேன்.

அம்பத்தூருக்குக் கூட்டி வந்தும் பார்த்தோம். பதினோரு நாள் இருந்தாள். மூன்றாவது மாடியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பன்னிரண்டாம் நாள் பையைத் தூக்கிவிட்டாள். "மாடு இல்லாத வூட்ல காத்தால எதுக்குடா எழுந்துக்கணும்?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் கேட்டதற்குப் பதில் தெரியாததால் இன்னும் அதிகமாக வந்தது.

"சரி, அங்கியே இரு. ஆனா நான் செய்யிற ஏற்பாட்டுக்கெல்லாம் ஒத்துக்கணும். ஏதாச்சும் ஒண்ணு தப்பிச்சின்னா பேச்சே கெடையாது, மாட்ட வித்துட்டு மெட்ராசுதான்" என்றேன். அம்மா தலையாட்டினாள்.

ஏற்பாடுகளை நான் கம்பெனிப் பாணியில் செய்தேன். பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொண்டு எழ ஒரு ஸ்டீல் கம்பி போட்டேன். அம்மா அதில் பாவாடை காயப்போட்டாள். அவசரத்துக்கு அமுக்கினால் பக்கத்து வீட்டில் அடிக்கும்படி ஒயர் இல்லாத மணி ஒன்று வாங்கி மாட்டினேன். டிவியில் சீரியல் ஆரம்பித்துவிட்டது, முருங்கைக்கீரை ஆய்ந்துவிட்டேன், குழம்பு வாங்கிக்கொண்டு போ என்று எல்லாவற்றுக்கும் அதை அமுக்கினாள். ஒரு வாரத்தில் பக்கத்து வீட்டு அத்தை பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டார். மாசத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற சுகாதாரப் பெண் மட்டும் உருப்படியாக வந்துபோனாள். ஆனால் மாசத்தில் மீதி இருபத்தொன்பது நாள் என்ன செய்வது?

அப்போதுதான் பால் சொசைட்டியில் புது மெஷின் வந்தது. பாலை ஊற்றியதும் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று ஊற்றினவரின் போனுக்கு மெசேஜ் போய்விடும். அம்மாவின் போன் பட்டன் போன், அவளுக்கு மெசேஜ் படிக்கவும் வராது. ஃபாரத்தில் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து காலை ஆறரைக்கும் சாயங்காலம் அஞ்சுக்கும் என் சட்டைப்பையில் ஒரு டிங். அம்மா எழுந்துவிட்டாள், கறந்துவிட்டாள், கேனைத் தூக்கிக்கொண்டு மூன்று தெரு நடந்துவிட்டாள். கையும் காலும் நன்றாக இருக்கின்றன. இதைவிட என்ன வேண்டும்? உலகத்தில் எந்த டாக்டரும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ரிப்போர்ட் அனுப்ப மாட்டான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். தினம் ராத்திரி எட்டு மணிக்குப் போன் போட்டு "சாப்ட்டியா?" என்று கேட்கும் பழக்கம் தானாக நின்றுபோனது. மெசேஜில்தான் எல்லாம் தெரிகிறதே.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, மெசேஜில் கொழுப்பும் மற்ற சத்தும் இறங்கியிருந்தன. பதறிப்போய்ப் போன் பண்ணினேன். கேன் மூடியைச் சரியாக மூடாமல் போனதால் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டதாம். அன்று கால் மணி நேரம் பேசினோம். புண்ணாக்கு, மாட்டின் வயிறு, அம்மாவின் முட்டி என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு வைத்தேன்.

அடுத்த ஞாயிறும் இறங்கியது. விசாரித்தேன். மாடு சரியாகத் தின்னவில்லை என்றாள். அதற்கடுத்த ஞாயிறு ஈ கடித்துவிட்டது என்றாள். அப்புறம் பக்கத்து ஊர்த் திருவிழா வெடிச் சத்தத்தில் மாடு மிரண்டுவிட்டது என்றாள். ஆறு ஞாயிறு, ஆறு விசாரணை. நான் கிராப் போட்டேன். திங்கள் முதல் சனி வரை கோடு நேராகப் போய், ஞாயிறு காலையில் மட்டும் குழியில் விழுந்து, சாயங்காலம் எழுந்துகொண்டது. மாட்டுக்குக் கிழமை தெரியுமா?

ஏழாவது வாரம், சொசைட்டியில் பாலைச் சோதிக்கிற டெஸ்டர் போன் பண்ணினான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். "டேய், தப்பா நெனைக்காத. உங்கம்மா பால்ல தண்ணி காட்டுது. இன்னும் ரெண்டு வாட்டி வந்துச்சின்னா கேனைத் திருப்பி அனுப்பச் சொல்றாரு செகரட்டரி. தெருவே பாத்துக்கினு இருக்கும்டா."

கறந்த சொம்பை அலசிய தண்ணீர்கூடப் பாலில் சேரக்கூடாது என்பவள் அம்மா. பாலில் தண்ணீர் கலந்த ஒரு மாமாவோடு பேச்சுவார்த்தை இல்லாமலே இருந்தவள். விஷயத்தைச் சொன்னதும் அக்கா தண்ணீர்த் தொட்டியடியிலிருந்து கத்தினாள். "மறதி வியாதி இப்டிதான்டா ஆரம்பிக்குமாம். குடிக்கிற தண்ணி, மாட்டுத் தண்ணி, பால் எல்லாத்தையும் கொழப்பிக்கறாங்க. நாளைக்கி கேஸைத் தெறந்து வுட்டுட்டா? போதும், கூட்டிக்கினு போயிடு."

இன்னும் ஒரு ஞாயிறு பார்ப்பது, தப்பு உறுதியானால் அன்றைக்கே மாட்டுக்கு ஆள் பார்ப்பது என்று முடிவு செய்தோம். மனதுக்குள் எனக்கு அழுகையாக இருந்தது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான் என்று முறுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எலவனாசூர்கோட்டையில் இறங்கி, முதல் டவுன் பஸ் பிடித்து, விடியும் நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்தேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. சரக்கைச் சொல்லாமல் போய்ச் சோதித்தால்தான் உண்மை தெரியும் என்பது எங்கள் தொழில். ஐம்பது வயசில் பேன்ட் சட்டையோடு எங்கள் வீட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் நானே திருடன் மாதிரி உட்கார்ந்தேன்.

அம்மா வந்தாள். கறந்தாள். விரல்கள் ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு தவலையிலிருந்து ஒரு ஆழாக்குத் தண்ணீர் மொண்டாள். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். அதிகம் என்று பட்டிருக்க வேண்டும், கொஞ்சம் கீழே ஊற்றினாள். இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கேனில் ஊற்றி மூடினாள். மறதிக்காரியின் கையா அது? எங்கள் கம்பெனியில் அத்தனை கச்சிதமாக அளப்பவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

அவள் சொசைட்டிக்குப் போய்க் கேனோடு திரும்பி வருவதற்குள் என் சட்டைப்பையில் டிங். எடுத்துப் பார்த்தேன். குழி. அம்மா கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். வேறு எந்த வேலையும் செய்யவில்லை.

எனக்கு மெல்ல உறைத்தது. வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்தே நம்பரை அமுக்கினேன்.

முதல் மணியிலேயே அவள் முகம் மலர்ந்தது. ஆனால் உடனே எடுக்கவில்லை. மூன்று தடவை மணி அடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு எடுத்தாள்.

"இன்னாடா, காத்தாலயே? எதுனா விசேஷமா?"

"பால் இறங்கியிருக்குதே."

"அப்டியா? எனக்கு இன்னா தெரியும்? மாடு ராவெல்லாம் ஒரு மாதிரியா நின்னுக்கினு இருந்துச்சி" என்று ஆரம்பித்தாள். பொய் ஆறாகப் பெருகியது. நடுவில் நிஜமும் வந்தது. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தது, முட்டி வலிக்குத் தைலம் தேய்த்தது, நேற்று கருவாட்டுக் குழம்பு வைத்தது. பேசும்போது கையை ஆட்டினாள், சிரித்தாள், காலை நீட்டிக்கொண்டாள். என் காலில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. நகரவும் முடியவில்லை, பேச்சை முடிக்கவும் மனசில்லை. கடைசியில் மாடு எட்டி என் தோளருகே வைக்கோலை இழுத்ததில் பாதிப் போர் என் தலையில் சரிந்தது. தும்மிவிட்டேன். தும்மல் அம்மாவுக்குப் போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது.

எழுந்து நின்றேன். அம்மா போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா இப்டிப் பண்ண?"

"ரவோண்டுதான் ஊத்தினேன்" என்றாள். "அன்னிக்கி மழத்தண்ணி எறங்கனப்ப எவ்ளோ நேரம் பேசின. அதுக்கு மின்ன ரெண்டு மாசம் நீ போனே பண்ணலியேடா."

"அது ஏன் ஞாயித்துக்கெழமை?"

"மத்த நாள்ல வேலைக்கி ஓடற நேரம். உன்னப் போயி எதுக்குப் பயமுறுத்தறது?"

சொசைட்டி கேனைத் திருப்பி அனுப்பப் போகிற விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னதும் அவள் கண் முதலில் மாட்டின் மேல் போனது. பிறகு என் பையின் மேல் போனது. "அப்ப மெட்ராசா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் அவள் என்னோடு பேசி அதுவரை நான் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"தப்பு பண்ணது நான்தாம்மா" என்றேன்.

இருவரும் சொசைட்டிக்கு நடந்தோம். வைக்கோல் ஒட்டிய சட்டையோடு செகரட்டரியிடம் மன்னிப்புக் கேட்டேன். காரணத்தைக் கேட்ட டெஸ்டர் சிரித்தான். பிறகு ஏனோ தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். இனிமேல் இப்படி நடக்காது என்று எழுதிக் கொடுத்தோம். என் நம்பரை எடுத்துவிட்டு அம்மாவின் நம்பரையே போடச் சொன்னேன்.

மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். "மாட்டுக்கு ஆள் பாத்துட்டியா?"

"மாடு இங்கதான் இருக்கும். அம்மாவும்தான். அவங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. நான் போன் பண்ணல, அவ்ளோதான்."

"நானுந்தான்டா" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை ஆறரைக்கு டிங் வரவில்லை. என் நம்பரை எடுத்தாகிவிட்டது என்று தெரிந்தும் ஆறே முக்கால் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

"சொசைட்டில வரிசைல நின்னுக்கினு இருக்கறன். எல்லாம் பாக்கறாங்க. ராவிக்கி எட்டு மணிக்குப் பண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.