அக்கா படுத்து ஓட்டிய சைக்கிள்

என் மடக்குச் சைக்கிளை அக்கா மொட்டைமாடியில் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, பெடல் அச்சு ஓடும் உருளையை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது. கீழே நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்த எனக்கு, இரும்பு அறுபடும் சத்தம் பல்லுக்குள் ஏறியது. சைக்கிள் வீணாகிறதே என்ற வருத்தம் இல்லை. அறுத்து, ஒட்டி முடித்ததும் அவள் அதில் ஏறி ரோட்டுக்குப் போகப் போகிறாள் என்ற பயம்தான். சமையற்கட்டில் அம்மா பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள். அவளும் அந்தச் சத்தத்தைக் கேட்காமலிருக்கத்தான் பார்த்தாள்.

சைக்கிளை வாங்கியவன் நான்தான். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வரை ஓட்டிப் போய், மடக்கி ரயிலில் ஏற்றி, சென்ட்ரல் பக்கம் இருக்கும் என் ஆபீசுக்குக் கொண்டுபோகலாம் என்று ஓர் ஆசை. வாங்கிய பிறகு வாசல் கேட்டைத் தாண்டி அதை இறக்க என்னால் முடியவில்லை. அப்பா சைக்கிளில் வேலைக்குப் போனவர். எங்கள் தெரு போய்ச் சேரும் மெயின்ரோடான சி.டி.எச். ரோட்டில் லாரிக்கு அடியில் போனார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வகுப்பு வாசலில் வந்து நின்று என்னை அழைத்துக்கொண்டு போனவள் அக்கா. அவளும் சீருடையில்தான் இருந்தாள். அதற்குப் பிறகு நான் அந்த ரோட்டில் எந்த வண்டியும் ஓட்டியதில்லை. முடிந்தவரை நடப்பேன், மீதிக்கு ரயில். அக்காவோ கொஞ்ச நாளிலேயே யாரிடமோ பழைய சைக்கிள் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதே ரோட்டில் ஓட்ட ஆரம்பித்தாள். அவளுக்குப் பயம் என்பதே கிடையாது என்று நான் அன்று முடிவு கட்டினேன். அந்த முடிவை வெகுகாலம் மாற்றிக்கொள்ளவும் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவள் வெல்டர். வருஷக்கணக்காகக் குனிந்து குனிந்து பற்றவைத்ததில் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. கை மரத்துப்போகும். சோறு பிசையும்போது, விரல்கள் தன்னுடையவைதானா என்பதுபோல அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சைக்கிளில் ஹேண்டில்பார்மேல் பாரம் போட்டுக் குனிய முடியவில்லை. பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் பள்ளத்தில் குதிக்கும்போது வலி மண்டைக்கு ஏறுகிறது என்றாள். கழுத்தைச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள், வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதில் முதல் பாதியை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள். எங்கோ வெளிநாட்டில், சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் படுத்து, காலை முன்னால் நீட்டி சைக்கிள் ஓட்டுகிறவர்களின் வீடியோ ஒன்றைத் தன் போனில் எனக்குக் காட்டினாள்.

“பாத்தியா, கழுத்து மேல பாரமே இல்ல. முதுகு மொத்தம் சீட்டு மேலயே கீது. கை சும்மா புட்ச்சிகினா போதும்.”

“அங்க லாரி இல்லக்கா.”

“உன் வண்டி சும்மாதான கெடக்குது. குடு.”

மறுக்க எனக்கு ஒரு காரணம்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

தெருமுனையில் கிரில் பட்டறை வைத்திருந்தவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வெல்டிங் மிஷினை அவளுக்குக் கொடுத்தார். சைக்கிளின் முன்கழுத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மேலாக ஒரு சதுரக் குழாயை நீட்டி, அதன் நுனியில் அறுத்தெடுத்த உருளையைப் பற்றவைத்தாள். பெடல்கள் இப்போது முன்சக்கரத்தையும் தாண்டி முன்னால் நின்றன. கம்பெனியில் கழித்துப் போட்டிருந்த ஒரு கட்டிலின் தலைப்பக்கச் சட்டத்தைக் கேட்டு வாங்கிவந்து, நைலான் பட்டை பின்னி, சாய்வு சீட்டாக்கினாள். கரையான்சாவடியில் ஒரு கடையில் வாங்கிய செயின்களை ஒன்றோடொன்று கோத்து முன்னாலிருந்து பின்சக்கரம் வரை ஓடவிட்டாள். ஹேண்டில்பாரின் நீளத் தண்டைப் பின்பக்கமாக வளைத்து, படுத்திருப்பவரின் மார்புக்கு நேரே கொண்டுவந்தாள். எல்லாம் முடித்து நிறுத்தியபோது, நோயாளி இறங்கி ஓடிவிட்ட ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குச் சக்கரம் வைத்ததுபோல் இருந்தது. அம்மா வந்து பார்த்தாள். வீட்டுக்குப் போய்ச் சாமி விளக்கை ஏற்றினாள்.

எனக்கு மற்ற எதையும்விட அந்த மடிப்பு இடம்தான் பயம். நடுக்குழாயில் கீல் வைத்த இடம் சரியாக சீட்டுக்குக் கீழே வந்தது. படுத்திருக்கிறவரின் மொத்த பாரமும் அதன்மேல்தான். ஓடும்போது கொக்கி திறந்துகொண்டால் சைக்கிள் இரண்டாக மடியும், நடுவில் அவள். இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. கீலின் இருபக்கமும் தகடு வைத்து, இனி மடியவே முடியாதபடி பற்றவைத்தாள். பிறகு என்னை உட்காரச் சொன்னாள். நான் அவளைவிட கனம். என்னைத் தாங்கினால் அவளைத் தாங்கும் என்பது அவள் கணக்கு. பட்டறை வாசலில் சாய்ந்து படுத்து பெடலை ஒரு மிதி மிதித்தேன். கீல் அசையவில்லை. நான் நினைத்தே பார்க்காத முன்குழாய் பட்டென்ற சத்தத்தோடு பிய்ந்து தரையில் குத்தியது. கால் மேலேயும் தலை கீழேயுமாகக் கிடந்த என்னைத் தூக்கிவிட்டு, அவள் பிய்ந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“உள்ள பத்தவே இல்லடா. மெல்லிசு குழா, ஓட்ட வுழுந்துடுமோன்னு சீக்கிரம் எட்த்துட்டன்.”

அடுத்த வாரம் கனமான குழாய் போட்டு, அடியில் முட்டுத் தகடும் வைத்தாள். அது பிறகு பிய்யவில்லை. ஆனால் அந்தப் பட்டென்ற சத்தம் என்னை விட்டுப் போகவில்லை. ஆபீசில் யாராவது ஸ்டேப்ளரை அழுத்தினால்கூட நெஞ்சு திக்கென்றது.

முத்தாபுதுப்பேட்டை பக்கம் மனை பிரித்து, சிமெண்ட் ரோடு போட்டு, விற்காமல் கிடந்த ஓர் இடம் இருந்தது. சின்ன லோடு வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போனோம். படுத்து ஓட்டுவது சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்கும் புதுசுதான். கிளம்பும்போது கைகள் பதறினால் வண்டி பாம்பாக நெளிகிறது. செயின் எங்கே உரசுகிறது என்று பக்கத்தில் நடந்து பார்ப்பதற்காக, அவள் என்னையும் ஓட்டவைத்தாள். வண்டி இல்லாத ரோடு என்பதால் ஓட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் பிடிபட்டது. ஒருமுறை அவள் ஓட்டும்போது புதருக்குள்ளிருந்து நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் காலைத்தான் நாய் துரத்தும். இதில் முகம் அதன் முகத்துக்கு நேரே இருந்தது. நான் நின்ற இடத்தில் உறைந்துபோனேன். கையில் கல் இருந்தும் எறியத் தோன்றவில்லை. அக்கா மிதிப்பதை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அசையாமல் படுத்துக்கொண்டாள். நாய்கள் சுற்றிவந்து முகர்ந்தன. ஒன்று அவள் காதோரம் வரை மூக்கைக் கொண்டுவந்தது. என்ன ஜந்து என்று விளங்காமல் அவை கலைந்து போனபோது, அவள் எழுந்து சுடிதாரைத் தட்டிக்கொண்டு, “வா, இன்னும் ஒரு ரவுண்டு போலாம்,” என்றாள். இவளை என்ன சொல்லித் தடுப்பது என்று இருந்தது.

அவள் வேலைக்கு அதில் போக ஆரம்பித்தாள். சீட்டுக்குப் பின்னால் நீளக் கம்பி நட்டு உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தாள், லாரிக்காரர் கண்ணில் படட்டும் என்று. கம்பெனிக்குள் போனதும் எனக்குப் போன் செய்து “வந்துட்டன்” என்று ஒரு வார்த்தை சொல்வாள். அது வரும்வரை ரயிலில் மேல்கம்பியைப் பிடித்த கை தளராது. ஒருநாள் போன் வரவில்லை. நான் வழியிலேயே பெரம்பூரில் இறங்கி, நடைமேடைத் தூணில் சாய்ந்துகொண்டு அவள் நம்பரையே அழுத்திக்கொண்டிருந்தேன். சார்ஜ் இல்லை என்று மதியம் சாவகாசமாகச் சொன்னாள். அவள் கழுத்து வலி குறைந்திருந்தது, விரல்களில் உணர்ச்சி திரும்பியிருந்தது. சந்தோஷப்பட வேண்டியவன் நான், ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து இளைத்தேன்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது தெரியாத நம்பரிலிருந்து போன். “தம்பி, இங்க ஒரு அக்கா வுழுந்துட்டாங்க,” என்றது ஓர் ஆண் குரல். வகுப்பு வாசலும் சீருடையும் கண்முன்னால் வந்துவிட்டன. அதற்குள் அக்கா போனை வாங்கிவிட்டாள். “ஒன்னும் இல்லடா. நாய் குறுக்க வந்துட்ச்சி, கை பெசகிகிச்சி. என் போனு தண்ணில வுழுந்துட்ச்சி. வா.”

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் தாண்டி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது, முழங்கையில் தோல் போயிருந்தது. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓர் ஆட்டோவைப் பிடித்து, அவளை எங்கள் தெரு கிளினிக்குக்கு அனுப்பினேன். அம்மா அங்கே வந்துவிடுவாள். ஏறும்போது அக்கா, “வண்டிய வுட்டுட்டு வந்துடாத,” என்றாள். சைக்கிளை ராத்திரிக்கு அங்கேயே வைக்கலாமா என்று டீக்கடைக்காரரிடம் கேட்டுப்பார்த்தேன். “நான் கடைய சாத்திகினு கெளம்பறேன் நைனா. ராத்திரி ரோட்ல கெடந்தா காலைல காயலாங்கடைலதான் பாப்ப,” என்றார். வழியில் போன லோடு வண்டிகளில் ஏற்கெனவே சரக்கு இருந்தது.

தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் கிளம்பினேன். ஹேண்டில்பார் தாழ்வாக இருந்ததால் குனிந்துதான் தள்ள வேண்டும். முன்னால் நீண்ட குழாய் இஷ்டத்துக்குத் திரும்பியது. ரோட்டோரத்தில் தண்ணீர் தேங்கி நின்றதால், நானும் சைக்கிளும் பக்கம் பக்கமாக ரோட்டுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தோம். ஒரு பஸ் என் தோளை உரசாத குறையாகப் போனது. கண்டக்டர் குனிந்து ஏதோ திட்டினார். தள்ளுவதற்கு எடுக்கும் அகலத்தில் பாதிகூட ஓட்டுவதற்குத் தேவையில்லை என்று எனக்கே தெரிந்தது. ரோடு கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் சீட்டில் சாய்ந்து, கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, மிதித்தேன்.

படுத்தபோது ரோடு வேறு ரோடாகிவிட்டது. பக்கத்தில் போகிற லாரியில் டிரைவர் இல்லை, கண்ணாடி இல்லை, பெயர் இல்லை. சக்கரம் மட்டும்தான். என் முகத்துக்கு நேரே சேறு ஒட்டிய டயர் சுற்றியது, அதன் போல்ட்டுகள் சுற்றின. அடிப்பக்கம் முழுதும் இருட்டாகத் தெரிந்தது, அதற்குள் ஓர் ஆள் தாராளமாகப் போகலாம். கை நடுங்க வண்டி நெளிந்தது. நெளிய நெளிய இன்னும் நடுங்கியது. பழைய கோடவுன் சுவரைப் பார்த்ததும் எங்கே வந்திருக்கிறேன் என்று புரிந்தது. அப்பா விழுந்த இடம். ரயிலிலிருந்து தெரியாத இடம் என்பதால்தான் நான் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். அவர் கடைசியாகப் பார்த்தது இந்த உயரத்திலிருந்துதான் என்று நினைத்தேன். நிறுத்தியிருப்பேன், ஆனால் பின்னால் ஒரு லாரி வந்துவிட்டது. அதன் விளக்கு வெளிச்சத்தில் என் நிழலும் கொடிக் கம்பியின் நிழலும் ரோட்டில் நீளமாக விழுந்தன. அது முந்தவும் இல்லை, ஹாரன் அடிக்கவும் இல்லை. வாய்க்கு வந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு மிதித்தேன். நான் இடதுபக்கம் திரும்பும்வரை அது என் பின்னாலேயே மெதுவாக வந்து, பிறகு வேகமெடுத்து ஆவடி பக்கம் போனது. என்னைக் காப்பதற்காக வந்ததா, முந்த இடமில்லாமல் வந்ததா, எனக்குத் தெரியாது.

எங்கள் தெருமுனையில், கையில் கட்டோடு, மழைத் தூறலில் அக்கா நின்றிருந்தாள். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்று பிறகு அம்மா சொன்னாள். சீட்டிலிருந்து எழ முயன்றேன். நல்ல கையால் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள்.

“பயந்துகினியா?”

“ஆமாக்கா.”

அவள் சைக்கிளைச் சுவரோரமாகச் சாய்த்தாள். பிறகு, “எனுக்கு தெனிக்கும் அப்பிடித்தான்டா கீது,” என்றாள். “அந்த கோடவுன் வந்தா இன்னும் மூச்சே வர்றதில்ல. மொத மொதல்ல சைக்கிள் எட்த்தனே, அன்னிக்கே அப்பிடித்தான். நானும் பயந்தா நீ ஊட்ட வுட்டே வெளிய வரமாட்டியேன்னு சொல்லல.”

நான் அவளைப் பார்த்தேன். இத்தனை வருஷம் தனியாகப் பயந்துகொண்டிருந்ததாக நினைத்தவன் நான். அவளும் அதே வீட்டில், அடுத்த அறையில், தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

கை சரியானதிலிருந்து அவள் மறுபடி அதில் வேலைக்குப் போகிறாள். என் பயம் ஒன்றும் குறையவில்லை, அவளுடையதும் குறைந்ததாகச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. காலையில் தெரு மெயின்ரோட்டில் சேரும் இடம்வரை நானும் கூட நடக்கிறேன். படுத்திருப்பவளுக்கு வலதுபக்கம் நிற்கும் வண்டிகளைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அதனால் நான் ரோட்டின் விளிம்பில் நின்று பார்க்கிறேன். அவள் பெடலில் காலை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக் காத்திருப்பாள். வெளியே கிளம்புகிற ஆளிடம் ‘போயிட்டு வா’ என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். இங்கே அவ்வளவு நீட்டிச் சொல்ல நேரமிருக்காது. லாரிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி விழும், அது மூடுவதற்குள் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கேட்கும்படி, “போ” என்று சொல்கிறேன்.