கேட்டில் போன முதல் பரிசு

எங்கள் மேல்வீட்டுக்காரியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் திருந்திவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

திருவொற்றியூரில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் நாங்கள் முதல் மாடி, அவள் இரண்டாவது மாடி. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் பில் போடுவது என் வேலை. வயது நாற்பத்து மூன்று. சர்க்கரை வரப் பார்க்கிறது என்று டாக்டர் பயமுறுத்தியதில் கடலோர ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமாகி, ஓட்டம் வெறியாகிவிட்டது. என்னைப் பார்த்துத்தான் அவளும் ஓட வந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். முதல் வாரம் மூச்சு வாங்கி நடைபாதையில் உட்கார்ந்தவளுக்கு ஷூ லேஸை எப்படி இறுக்குவது என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

போன வருடம் எங்கள் பகுதி இளைஞர் மன்றத்தில் பெண்களுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு மிக்ஸி. போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எனக்கு வலது முட்டி பிடித்துக்கொண்டது. ஓடும்போது பொறுத்துக்கொள்ள முடிந்தது. முழுசாக மடக்கினால்தான் உயிர் போனது. தைலம் தேய்த்தேன், துணி கட்டினேன், யாரிடமும் மூச்சு விடவில்லை.

போட்டியன்று நான்தான் முன்னால். பெருமைக்குச் சொல்லவில்லை, எனக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. மூன்றாவது கிலோமீட்டரில் கூட்ஸ் லைனைத் தாண்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கம் வண்டி வராது என்று யாரோ சொன்னதை நம்பி மன்றத்துப் பையன்கள் வழி போட்டிருந்தார்கள். நான் போய்ச் சேரவும் ரயில்வே கேட் இறங்கவும் சரியாக இருந்தது.

கேட் மூடினால் குனிந்து போவது எங்கள் ஊரில் பிறவிக் குணம். வேலைக்குப் போகும்போது சோற்று டப்பாவோடு நானே எத்தனையோ தடவை குனிந்து போயிருக்கிறேன். அன்றும் குனிந்தேன். முட்டி பாதியில் நின்றுவிட்டது. கேட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர உடம்பு இறங்கவில்லை.

அப்போது அவள் வந்தாள். "இன்னாக்கா, நின்னுகினு கீற?" என்று கேட்டபடியே கேட்டுக்கு அடியில் நுழைந்து, தண்டவாளத்தைத் தாண்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டாள். அடுத்த நிமிடம் வண்டி வந்தது. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ். பெட்டி பெட்டியாக என் முகத்துக்கு நேரே ஆடி அசைந்து போனது. அதற்குள் மற்றவர்களும் வந்து என்னோடு நின்றார்கள். அவர்கள் நன்றாக இளைப்பாறினார்கள். நின்ற இடத்தில் என் முட்டி இறுகிவிட்டது. கேட் திறந்த பிறகு நொண்டி நொண்டி ஐந்தாவதாக வந்தேன்.

மன்றத்துக்காரர்களிடம் சண்டை போட்டேன். "ரயிலு வந்தா நாங்க இன்னாக்கா பண்ண முடியும்? குனியக் கூடாதுன்னு ரூல்ஸ் எதுவும் போடலியே" என்றார்கள். அவள் மிக்ஸியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள்.

"உன்னால குனிய முடிஞ்சிருந்தா நீ பூந்துட்டு போயிருக்க மாட்டியா?" என்று வீட்டில் என் கணவர் கேட்டார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. அவர் சொன்னது உண்மை. போயிருப்பேன். அவள் செய்தது தப்பு என்பதைவிட, என்னால் செய்ய முடியாததை என் கண் முன்னால் செய்தாளே என்பதுதான் என் ஆத்திரம்.

அதற்கப்புறம் தினமும் காலை ஆறரைக்கு அந்த மிக்ஸி என் தலைக்கு மேலே சட்னி அரைத்தது.

அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் அம்மா என் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, தொடைச் சதையில் பலமில்லை, அதனால்தான் முட்டி பிடித்துக்கொள்கிறது என்றார். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்த வேண்டும், பிறகு காலை மடக்காமல் தூக்கிப் பத்து எண்ணும் வரை நிறுத்த வேண்டும். தினமும் செய்தால் ஆறு மாதத்தில் குறையும், அவசரப்பட்டால் குறையாது என்றார்.

நான் பத்து எண்ணவில்லை. மேலே மிக்ஸி ஓடும் வரை காலைத் தூக்கி வைத்திருந்தேன். தேங்காய்ச் சட்னி என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். கறி மசாலா அரைக்கும் நாளில் தொடை நடுங்கும், பல்லைக் கடித்துக்கொள்வேன். அரை, அரை, நல்லா அரை என்று மனதுக்குள் சொல்வேன். ஒரு வாரம் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சத்தமே இல்லாததால் எனக்குப் பயிற்சியும் ஓடவில்லை. எப்போது திரும்பி வருவாள் என்று நானே மாடிப்படியை எட்டிப் பார்த்தேன்.

இந்த வருடம் மன்றத்துக்காரர்கள் கேட் இல்லாத வழியாகப் பார்த்து, கடலோர ரோட்டிலேயே போட்டியை வைத்தார்கள். அவள் எடுத்த எடுப்பிலேயே பறந்தாள். நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு ஓடினேன். கடைசிக் கிலோமீட்டரில் பக்கத்தில் போனபோது அவள் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தி விழுந்தது, இன்னொரு கால் பயந்து பயந்து பட்டது. அது என்ன சத்தம் என்று எனக்கா தெரியாது? ஒரு வருடம் என் காலில் கேட்ட சத்தம். பாவமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. வேகத்தைக் கூட்டி அவளைத் தாண்டினேன்.

முதல் இரண்டு இடமும் காலேஜ் பெண்களுக்குப் போனது. நான் மூன்றாவது. வெகு நேரம் கழித்து அவள் நடந்து வந்து, ரோட்டோரம் காலை நீட்டி உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"யக்கா, முட்டிய மடக்கவே முடியல. உனுக்கும் இப்டித்தானே இருந்துச்சி? எங்க காட்டுன? இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. தானா சரியாப் பூட்ச்சி" என்றேன்.

அவள் நம்பினாள். "உனுக்கு நல்ல ஒடம்புக்கா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு மாதம் ஆகிறது. என் முட்டி இன்னும் முழுசாகக் குணமாகவில்லை, சாயங்காலமானால் வீங்குகிறது. பயிற்சியை விடவில்லை. அவள் கண்ணில் படக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்கிறேன். காலையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவது கேட்கும். கதவைத் திறந்து, துண்டை எப்படிச் சுருட்டுவது, எங்கே வைப்பது என்று காட்ட இரண்டு நிமிடம் போதும். அவள் என் வாசலைத் தாண்டிப் போகும் வரை, தூக்கிய காலை இறக்காமல், மூச்சு விடும் சத்தம்கூட வெளியே கேட்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.