நஞ்சுண்டன் மாமாவின் கார் ஷெட் தரை

கிணத்துக்கடவில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு நஞ்சுண்டன் மாமாவுடையது. சொந்தமெல்லாம் கிடையாது. அவர் சம்சாரம் மாரியாத்தாளை நான் அக்கா என்று கூப்பிட்டதால் அவர் மாமா ஆகிவிட்டார், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் ஒரே காம்பவுண்டுச் சுவரின் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறோம். அவரைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருக்கும். அது இல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது.

மாமா தாராபுரம் பக்கத்துக்காரர். பத்தொன்பது வயதில் கோயமுத்தூருக்கு வந்து ஒரு பம்ப்செட் பவுண்டரியில் சேர்ந்தார். முப்பத்தொன்பது வருடம் அங்கே அவருக்கு ஒரே வேலை. வார்த்து எடுத்த இரும்பைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்வார். சரியில்லை என்றால் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுவார். அங்கே அவருக்கு ரிஜெக்ட் நஞ்சுண்டன் என்று பேர். ரிட்டயர் ஆனபின் தட்ட இரும்பு இல்லை, வீட்டுச் சாமான்களைத் தட்ட ஆரம்பித்தார். பிரிட்ஜ் வாங்க இரண்டு வருடம். மெத்தை வாங்க ஒரு வருடம். "எத்தன வருசமுங்க தாங்கும்?" என்று அவர் கேட்காத கடை பொள்ளாச்சி ரோட்டில் இல்லை. கல்யாணம் மட்டும்தான் ஒரே நாளில் முடிவானது. அதையும் அவர் அப்பா முடிவு பண்ணினார் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

அக்கா அவரிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று, கார் ஷெட்டுக்கு ஒரு நல்ல தரை. வீடு கட்டும்போது வெறும் சிமென்ட் பூச்சோடு விட்டிருந்தார்கள். சில வருடத்தில் அது பொரிந்து பொடி உதிர ஆரம்பித்தது. காலையில் கூட்டினால் ஒரு முறம், சாயங்காலம் கூட்டினால் இன்னொரு முறம். அக்காவுக்கு இழுப்பு வேறு. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கூட்டுவாள். "இதுக்கொரு வழி பண்ணுங்களே" என்று ஒன்பது வருடம் கேட்டாள்.

மாமா சும்மா இருக்கவில்லை. பரிசோதித்துக்கொண்டிருந்தார். பார்க்கிங் டைல்ஸ் நான்கை வாங்கிவந்து கொல்லையில் பதித்து, மேலே கார் ஜாக்கியைப் போட்டார். ஒன்றில் மூலை உடைந்தது, ரிஜெக்ட். ரெட் ஆக்சைடு பூசி அதில் என்ஜின் ஆயிலை ஊற்றி ஒரு மாதம் விட்டார். கறை போகவில்லை, ரிஜெக்ட். கிரானைட் ஈரத்தில் வழுக்கும். தரைக்கு அடிக்கிற சாதாரண பெயிண்ட், தூரம் போய்வந்த காரின் சூடான டயரோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்ததை யார் வீட்டிலோ பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அதையே சொன்னார்.

கடைசியில், தரையில் பிசின் மாதிரி இறுகிப் பளபளக்கிற எபாக்சி என்ற கோட்டிங்கைக் கேள்விப்பட்டு, அந்த வேலை செய்கிற ஷாநவாஸ் பாயை உக்கடத்திலிருந்து வரவழைத்தார். பாய் ஒரு பாலிதீன் தாளைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போய், மறுநாள் வந்து பிரித்துப் பார்த்தார். அடியில் நீர் கோக்கவில்லை.

"ஈரம் ஏறலீங்க ஐயா. தாராளமாப் போடலாம்."

"எத்தன வருசமுங்க தாங்கும்?"

"பத்து வருசத்துக்குக் கவலையே இல்லீங்க."

"யோசிச்சுச் சொல்றனுங்க பாய்" என்றார் மாமா. யோசித்தார், இரண்டு வருடம். பாய் கொண்டுவந்த மாதிரித் துண்டுகளில் சாம்பல் நிறத்தை அக்கா தொட்டுப் பார்த்து, இது நன்றாயிருக்கிறது என்று சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனுசனை என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

இந்தத் தை மாதம் ஒரு மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்த அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இருதயம் என்றார் டாக்டர். இழுப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று மாமா கேட்டார். இல்லை என்றார் டாக்டர். மாமா மறுபடியும் அதையே கேட்டார்.

அந்தக் கார் ஷெட்டில்தான் கண்ணாடிப் பெட்டியை வைத்தோம். வந்தவர்கள் காலெல்லாம் சிமென்ட் பொடி. மாமா பெட்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நின்றார். ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருந்த மகள் மோகனப்பிரியா, காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா ஒரு சொட்டு அழுகுலீங்க சித்தி. எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள்.

எனக்கும் பயம்தான். நான் கொண்டுபோய் வைக்கிற சாப்பாட்டில் ஒருநாள் ரசத்துக்கு உப்புப் போட மறந்திருந்தேன். ரிஜெக்ட் நஞ்சுண்டன் அதை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். டிவி ஓடினால் பார்த்தார், அணைத்தால் அணைந்த டிவியைப் பார்த்தார். எனக்கும் உள்ளே ஒன்றும் ஓடவில்லை. பால் கறந்தேன், சொசைட்டிக்கு ஊற்றினேன், மாட்டுக்குத் தீவனம் வைத்தேன். பெண்ணில்லாத வீடு என்று வாசல் காய்ந்து கிடக்கக் கூடாது. பதினாறாம் நாள் கழிந்ததிலிருந்து விடியுமுன் எங்கள் வாசலுக்குச் சாணி கரைத்துத் தெளித்த கையோடு அவர் வீட்டு கேட்டைத் திறந்து, கார் ஷெட் தரைக்கும் சேர்த்துத் தெளித்துக் கோலமும் போட்டேன். போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை.

பங்குனி பிறந்ததும் மாமாவே பாய்க்குப் போன் போட்டார். "வந்து போட்டுக் குடுத்துருங்க பாய்." வந்தவர், வெயில் படுகிற இடம் மஞ்சளாகாமல் இருக்க மேலே வேறொரு பூச்சும் வேண்டும் என்று விளக்கினார். "எது நல்லதோ போடுங்க" என்றார் மாமா. எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்கவே இல்லை. பாய் தானாக, "பத்து வருசத்துக்கு மேலயே வருமுங்க" என்றதற்கு "ம்" என்றார். கலர் கேட்டபோது மட்டும் வாயைத் திறந்தார்.

"சாம்பல். அவ அதத்தான் தொட்டுப் பாத்தா."

அவருக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு காரியம்தான் என்று எனக்குப் புரிந்தது. இதாவது குறையில்லாமல் முடியட்டும் என்று பொன்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டேன்.

தரையை மிஷினில் தேய்த்தார்கள். விரிசல்களை அடைத்தார்கள். அவர்கள் சாமான்கள் கேட்டை அடைத்துக் கிடந்ததால் அந்த நாட்களில் மட்டும் நான் உள்ளே தெளிக்கவில்லை. ஒவ்வொரு பூச்சாக ஏற்றி, வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிப் பூச்சும் முடிந்தது. மேலே எரிந்த டியூப்லைட் தரையில் தெரிந்தது. பாய் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"மூணு நாளைக்கு ஆரும் கால் வெக்காதீங்க. ஒரு வாரத்துக்குத் தண்ணி ஆகாதுங்க. இன்னைக்கு ராத்திரி ஒரு பொட்டு உழுந்தாலும் வெள்ளவெள்ளையாப் பூத்துப்போயிரும்."

நான்தான் முதலில் தலையாட்டினேன். மாமா காம்பவுண்டுக்குள் ஒரு நாற்காலியைப் போட்டு இருட்டும்வரை தரைக்குக் காவல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பால் கறந்து முடித்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் சாணியைக் கொஞ்சம் அதிகமாகவே கரைத்தேன். எங்கள் வாசல் முடிந்தது. கேட்டைத் திறந்தேன். ஒரு கை, இரண்டு கை, மூன்று கை. நான்காவது தடவை வாளிக்குள் கையை விட்டபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. சாம்பல் தரை பூராவும் பச்சைப் பச்சையாகச் சாணித் துளிகள். முந்தானையால் ஓரத்தில் ஒற்றி எடுக்கப் பார்த்தேன். இன்னும் காயாத பூச்சு சேலையோடு இழுத்துக்கொண்டு வந்தது. தொட்ட இடமெல்லாம் இன்னும் மோசமானது.

கதவு திறந்தது. மாமா படியில் வந்து நின்றார்.

"மாமா, மறந்துபோயித் தெளிச்சுப்போட்டனுங்க. கை அதும்பாட்டுக்குப் போயிருச்சுங்க."

குனிந்து துளிகளைப் பார்த்தார். முந்தானை இழுத்த தடத்தைப் பார்த்தார்.

"திட்டுங்க மாமா. ரெண்டு வார்த்த திட்டியாச்சும் போடுங்க!"

அவர் முகம் மெல்லச் சிவந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் பழைய முகத்தைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குப் பயம் போய் நிம்மதியாகக்கூட இருந்தது. சடக்கென்று வீட்டுப் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"ஏ மாரியாத்தா! இங்க வந்து பாரு, உன்ற தங்கச்சி பண்ணிப்போட்ட வேலய!"

கதவைப் பார்த்தபடியே நின்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள், வந்து என் பக்கம் பேசுவாள், அவளையும் சேர்த்து இரண்டு வார்த்தை திட்டலாம் என்று நிற்கிற நிற்பு அது. நானும் என்னை அறியாமல் கதவைத்தான் பார்த்தேன். உள்ளே பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அவ இல்லீல்ல?" என்றார். என்னைப் பார்த்து, விவரம் கேட்கிற மாதிரி.

"இல்லீங்க மாமா."

படியில் அப்படியே உட்கார்ந்தார். முதலில் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வந்தது. அவ்வளவு பெரிய அழுகையை நான் ஒரு ஆம்பிளையிடம் கேட்டதில்லை. எதிர்வீட்டு விளக்குகள் எரிந்தன. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, சாணிக் கையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா போனதிலிருந்து அழாத அழுகையையெல்லாம் அழுதேன்.