கண்ணாடிப் பெட்டியில் ஒரு காலி இடம்

ஹார்லோ ஊரின் பனி அரங்கில், உருளைக்கிழங்கு வறுவலும் சூடான சாக்லேட்டும் விற்கும் ஜன்னலுக்கு இடப்பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. ஊரில் பிறந்து, சம்பளம் வாங்கும் ஹாக்கி ஆட்டக்காரர்களாகப் போனவர்கள் அடித்த முதல் கோலின் வட்டுகள் அதில் இருக்கும். பனி ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் கறுப்பு ரப்பர் வட்டு, விளிம்பைச் சுற்றி வெள்ளை டேப், டேப்பின் மேல் பேரும் தேதியும். வெகு காலம் அதில் மூன்று வட்டுகள்தான் இருந்தன. மூன்றும் பையன்கள் அடித்தவை. நான்காவதற்கான இடத்தை, அரங்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஓரெஸ்ட் வசிலிக், வாரா வாரம் தூசி துடைத்து, தன் மகள் கெண்ட்ராவுக்காகக் காத்து வைத்திருந்தார்.

"சும்மாதான கெடக்கு ஓரெஸ்ட் அந்த எடம்? என் ஊறுகா பாட்டில வெச்சுக்கட்டுமா?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து இரேனா சீண்டுவாள். வெள்ளரிக்காய் ஊறுகாயில் அவளை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

"அது புக் ஆயிடுச்சு. ஒன் ஊறுகாய நீயே தின்னு."

கெண்ட்ரா சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊரில் பெண்களுக்கென்று அணி கிடையாது. பையன்களோடுதான் ஆடினாள். உடை மாற்ற அறை இல்லாததால் ஸ்கேட் காலணிகளின் கத்தியைத் தீட்டும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றினாள். இரும்பு தீய்ந்த அந்த வாசனை எங்கே மூக்கில் பட்டாலும், பல வருஷம் கழித்தும், அவளுக்கு வயது பத்தாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில், சர்ச்சுக்குக் கிளம்பும் முன், ஓரெஸ்ட் பனித்தளத்தை வண்டி ஓட்டி வழுவழுப்பாக வழித்துவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்துவார். கோடே விழாத அந்தப் பனி முழுக்க அவளுக்குத்தான். அம்மா ஹாரன் அடிக்கும் வரை சுற்றுவாள். அந்த மாதிரி காலைகள் எத்தனை வாய்த்தன என்று இப்போது எண்ணிப் பார்க்க அவளுக்குத் துக்கமாக இருக்கிறது.

ஓரெஸ்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. உள்ளூர் ஆட்டங்களில் கோல் வலைக்குப் பின்னால் கூண்டில் உட்கார்ந்து, வட்டு கோட்டைத் தாண்டியதும் சிவப்பு விளக்கைப் போடுபவர் அவர்தான். முப்பது வருஷம் போட்டார். வட்டு கடைசியாக யார் மட்டையில் பட்டதோ அவர் பேரில்தான் கோல்; அதில் தகராறு வந்தால் நடுவர்களே அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். சொந்த மகள் கோலையே, "இல்ல, அது மெல்னிக் பையன் மட்டையில பட்டுப் போச்சு" என்று ஒருமுறை மறுத்தவர். அதன்பின் வீட்டில் ஒரு வாரம் அவரோடு யாரும் சரியாகப் பேசவில்லை.

படிப்பு முடித்த கெண்ட்ரா கிழக்கே போய்ப் பெண்கள் லீக்கில் சேர்ந்தாள். பேர்தான் லீக், சல்லிக்காசு கிடையாது. பகலில் தபால்காரி, சாயங்காலத்துக்கு மேல் தடுப்பாட்டக்காரி. மட்டை அவளே வாங்க வேண்டும், வியர்வை நாறும் உடையை அவளே துவைக்க வேண்டும். எதிராளி அடிக்கும் வட்டுக்கு முன்னால் விழுந்து மறிப்பதுதான் அவள் தொழில். அதில் ஒரு பல்லும் இரண்டு விலா எலும்பும் போயின. இப்படிப் பதினொரு வருஷம் ஆடி ஒன்பது கோல் அடித்தாள். பெட்டியில் எதை வைப்பது என்று முடிவு செய்யும் ஹார்லோ கமிட்டி அந்த ஒன்பதில் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. சம்பளம் இல்லையென்றால் அது பொழுதுபோக்காம். அந்தக் கமிட்டியில் ஒருவராவது வட்டுக்கு முன்னால் விழுந்து பார்த்திருக்க வேண்டும்.

அவளுக்கு முப்பத்து நாலு வயதானபோது, கடைசியில் ஒரு வழியாக, சம்பளம் கொடுக்கும் லீக் வந்தது. வின்ட்சர் அணி அவளை எடுத்துக்கொண்டது. முதல் நாள் பயிற்சி முடிந்து உடைகளை அப்படியே தொங்கவிட்டுப் போனாள். மறுநாள் வந்து பார்த்தால் எல்லாவற்றையும் துவைத்து, உலர்த்தி, மடித்து வைத்திருந்தார்கள். துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பக்கத்தில் இருந்த இருபது வயதுக்காரிகளுக்கு அது ஏனென்று புரியவில்லை.

ஆனால் கோல் மட்டும் விழவில்லை. ஒரு சீசன் போயிற்று, இரண்டாவதில் பாதியும் போயிற்று. ஓரெஸ்ட் இதயம் பழுதாகி, படியேற முடியாமல் இருந்தார். போனில் முதல் கேள்வி அதுதான்.

"வட்டு எங்கடி?"

"வரும்ப்பா."

"சீக்கிரம் வரச் சொல்லு. இரேனா பாட்டிலத் தொடச்சு வெச்சுக்கிட்டு நிக்கிறா."

அந்த ஜனவரி கடைசியில் ரிமூஸ்கி ஊரிலிருந்து மோட் தெரியோ என்ற பெண் வந்தாள். எண் பதினேழு. பத்து நாள் ஒப்பந்தம்தான். அதற்குள் தன்னைக் காட்டிக்கொண்டால் நிலைக்கலாம். அறை எடுக்க வழியில்லாமல் கெண்ட்ராவின் சோபாவில் படுத்துக்கொண்டாள். அணியில் எல்லோருக்கும் செல்லப்பேர் உண்டு. இவள் டெரி, கெண்ட்ரா வாஸி.

ஆறாவது நாள் ஆட்டம். எதிரணி வலையிலிருந்து தள்ளி, நீலக்கோட்டருகே நின்ற கெண்ட்ராவிடம் வட்டு வந்தது. தாழ்வாக அடித்தாள். வலைக்கு முன்னால் முதுகில் இடி வாங்கிக்கொண்டு நின்றிருந்த மோட் மட்டையை நீட்டினாள். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். வட்டு சற்றே திசை மாறி வலைக்குள் போயிற்று. ஒலிபெருக்கி கெண்ட்ராவின் பேரை அறிவித்தது. அணி முழுக்க அவள்மேல் விழுந்தது. வலைக்குள்ளிருந்து வட்டை எடுத்து வந்து கொடுத்ததும் மோட்தான்.

"வாஸி! முப்பத்தஞ்சு வயசுல முட்டைய ஒடச்சிட்ட!"

ஆட்டம் முடிந்து அறையில் கெண்ட்ரா போனில் இருந்தாள். மறுமுனையில், ஆட்டத்தை டிவியில் பார்த்து முடித்த ஓரெஸ்ட் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வட்டில் டேப் ஒட்டிப் பேரும் எழுதியாகிவிட்டது. அப்போது, யார் கோல் என்று ஆட்டக் கணக்கு எழுதுபவர் கதவில் தலையை நீட்டினார்.

"நடுவுல யாராவது தொட்டீங்களா? காமிராவ கோல்கீப்பர் முதுகு மறைக்குது."

இந்தக் கேள்விக்கு ஹாக்கியில் யாரும் பொய் சொல்வதில்லை. கெண்ட்ராவே எத்தனையோ தரம், "எனதில்ல, அவளோடது" என்று திருத்தியிருக்கிறாள். மோட்டைப் பார்த்தாள். மோட் குனிந்து ஸ்கேட் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"இல்ல, நேரா போச்சு," என்றாள் கெண்ட்ரா.

நாலு நாள் கழித்து மோட்டின் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டவில்லை. கால் வேகம் நன்றாக இருக்கிறது, கோல்தான் இல்லை என்றார்களாம். கெண்ட்ராதான் ரயிலடியில் கொண்டுபோய் விட்டாள். வழி முழுக்க இருவரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.

வசந்தத்தில் கெண்ட்ரா ஓய்வு பெற்று ஊர் திரும்பினாள். ஓரெஸ்ட் வட்டைத் தன் கையாலேயே பெட்டியில் வைத்தார். பெரோகிக் கொழுக்கட்டையும் முட்டைக்கோஸ் சுருளுமாக ஊருக்கே விருந்து. இலையுதிர் காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். கெண்ட்ரா ஊரில் தபால் கொடுத்தாள், மாலையில் பெண்பிள்ளைகளுக்கு ஆடச் சொல்லிக் கொடுத்தாள். பெட்டிப் பக்கம் மட்டும் திரும்பாமல் நடந்தாள்.

இரண்டு வருஷம் கழித்துப் பெட்டிக்கு வர்ணம் அடிக்க வட்டுகளை வெளியே எடுத்தார்கள். தன்னுடையதை எடுத்த கெண்ட்ரா தற்செயலாக அதைப் புரட்டினாள். அடிப்பக்கத்தில் வெள்ளை மையில் அப்பாவின் கோணல் எழுத்து: 'கடைசியாகத் தொட்டது 17. ஓ.வ.' சிவப்பு விளக்குக் கூண்டில் உட்கார்ந்து எழுதும் குறிப்பு மாதிரியே இருந்தது. அத்தனை பெரோகியையும் தெரிந்தே பரிமாறியிருக்கிறார். கெண்ட்ரா ஸ்கேட் தீட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு மோட்டைக் கூப்பிட்டாள்.

"டெரி, அந்தக் கோல்..."

"தெரியும் வாஸி. மட்ட அதிர்ந்திச்சே."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"நீ சொல்லுவன்னு நெனச்சேன். சொல்லல. ஒங்கப்பா மூச்சு வாங்குறது போன்ல எனக்கே கேட்டுது, நான் எப்படி வாயத் தொறப்பேன்? எங்கம்மா இன்னும் அந்த ஆட்டத்தப் போட்டுப் பாக்குறாங்க. நீதான தொட்டன்னு கேக்குறாங்க. இல்லம்மான்னு சொல்லிட்டு இருக்கேன். அந்த வட்ட அனுப்பிடுறியா?"

"நாளைக்கே அனுப்புறேன். மன்னிச்சிடு டெரி."

"வட்டு வரட்டும், பாக்கலாம்."

பழைய டேப்பை உரித்துப் புதியது ஒட்டி, 'மோட் தெரியோ, முதல் கோல்' என்று கெண்ட்ரா எழுதினாள். அடிப்பக்கத்தைத் தொடவில்லை. நடந்ததை அவள் சொல்ல, இரேனா ஜன்னலில் கையூன்றி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப அந்த லீக்குல ஒனக்கு ஒரு கோல்கூட இல்லியா?"

"இல்ல."

"எடம் மறுபடியும் காலியா?"

"ஆமா. ஒன் பாட்டில வெச்சுக்கோ."

மறுநாள் காலையில், முதல் வேலையாகப் பொட்டலத்தை ரிமூஸ்கிக்கு முத்திரை குத்திப் போட்டுவிட்டுக் கெண்ட்ரா அரங்குக்கு வந்தாள். நான்காவது இடத்தில் ஊறுகாய் பாட்டில் நின்றிருந்தது. அதன் கழுத்தைச் சுற்றி வெள்ளை டேப், டேப்பின் மேல் இரேனாவின் கொட்டை எழுத்து: 'கெண்ட்ரா வசிலிக். ஒன்பது கோல்.'