சரியாகப் பொருந்திய தவறான கேபிள்

அந்தத் தெருவில் எல்லோரும் அவளை ஒயரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தோரு வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை. முதல் மாடியில் கடை. ஒரே ஜன்னல், அதையும் பாதி மறைத்தபடி பழைய மானிட்டர்கள். தம்பி முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவான், அவள் பின்னால் வேலை பார்ப்பாள். வாய் அவனுடையது, கை அவளுடையது என்று சொல்லிச் சிரித்த காலம் உண்டு.

இப்போது சிரிக்கத் தெம்பில்லை. பஸ் டிரைவரான அவள் கணவர் படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மூன்று மாதமாகக் கட்டிலோடு கிடந்தார். அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறிக் கடைக்கு வருவதற்குள் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மேஜைமேல் இருந்தது வாத்தியாருடைய கம்ப்யூட்டர். வாத்தியார் என்பது பட்டப்பெயர்தான். பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்தவர். ஒன்பது வருடப் பதிவுகள். போன வருடம் தொண்டையில் ஆபரேஷன். அதிலிருந்து அவருக்குக் குரலே இல்லை, வெறும் காற்றுதான். பவர் சப்ளை பெட்டி செத்துப்போய்விட்டது, வேறு மாட்டித் தாருங்கள் என்று கொண்டுவந்து வைத்திருந்தார்.

அரை மணி நேர வேலை. ஹார்ட் டிஸ்க்கில் சொருகும் முனையில் குழப்பம் கிடையாது. பழைய டிஸ்க் என்றால் நாலு துளை வெள்ளைப் பிளக், புதியது என்றால் தட்டைப் பிளக். மாற்றிச் சொருக நினைத்தாலும் நுழையாது. வில்லங்கம் எல்லாம் மறுமுனையில், பெட்டிப் பக்கம். அங்கே எல்லாக் கம்பெனிப் பிளக்கும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஆனால் எந்தக் கம்பியில் ஐந்து வோல்ட், எந்தக் கம்பியில் பன்னிரண்டு என்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைத்திருப்பார்கள். அதனால் பெட்டியை மாற்றினால் கேபிளையும் சேர்த்து மாற்ற வேண்டும். தம்பிக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

பழைய கேபிளை யாரோ அழகாக வளைத்துக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்த்து, புதியதை நுழைத்து, மறுபடி கட்ட வேண்டும். அவள் கை ஒரு நிமிடம் சும்மா நின்றது. பிறகு பழைய கேபிளின் முனையையே புதுப் பெட்டியில் சொருகியது. 'டக்' என்று கச்சிதமாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டாள். சின்னதாக ஒரு சத்தம், மெல்லிய தீய்ந்த வாடை. டிஸ்க் சுழலவில்லை.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்தாள்.

வாடை முன்பக்கம்வரை போயிருக்க வேண்டும். தம்பி எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா ஆச்சு?"

"டிஸ்க்க எரிச்சுட்டேன்டா. பழைய கேபிளையே மாட்டிட்டேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "பெட்டி செத்தப்பவே டிஸ்க்கும் போயிடுச்சுன்னு சொல்லிடலாம்க்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"நீ வேற. மூணு மாசமா தூக்கமில்லாம வேல பாக்குற. வேற யாரா இருந்தா எப்பவோ படுத்திருப்பாங்க."

"அத அவர்கிட்ட சொல்ல முடியுமாடா? போன் போட்டு வரச் சொல்லு."

அவர் வருவதற்குள் டிஸ்க்கைக் கழற்றிக் குப்புறப் போட்டாள். வோல்ட் எகிறினால் தன்னைப் பலிகொடுத்து மற்றதைக் காப்பாற்றும் சின்னப் பாகம் ஒன்று அதன் போர்டில் இருக்கும். மீட்டரை வைத்தாள், 'பீ' என்று கத்தியது. அது செத்து, மின்சாரத்தை மேலே போகவிடாமல் மறித்துக்கொண்டிருந்தது; எடுத்துவிட்டால் டிஸ்க் ஓடக்கூடும். அதற்கு அப்பால் என்னென்ன செத்ததோ, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

வாத்தியார் வந்து உட்கார்ந்ததும் அவள் சுற்றி வளைக்கவில்லை.

"இது என் தப்புங்க. தப்பான கேபிள மாட்டிட்டேன். எனக்குத் தெரியாததில்ல, அசதில செஞ்சுட்டேன். ஒரு வழி இருக்கு, பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். நீங்க சரின்னாதான் தொடுவேன்."

அவர் டிஸ்க்கை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். பிறகு, செய்யுங்கள் என்பதுபோல் கையை அசைத்தார்.

சால்டரிங் அயர்னை வைத்து அந்தப் பாகத்தை எடுத்தாள். இரண்டாவது முறைதான் வந்தது. புதுப் பெட்டியோடு வந்த கேபிளை எடுத்து, அதன் அட்டையில் அச்சிட்டிருந்த மாடல் எண்ணை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துச் சொருகினாள். டிஸ்க் முனகி, சுழன்றது. ஒவ்வொன்றாகப் பெயர்கள் திரையில் வந்தன. முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கப் போட்டாள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்றைத் திறந்தாள். கனத்த, நிதானமான குரல் கடை முழுக்க நிறைந்தது. தவளையின் இதயத்துக்கு மூன்று அறைகள் என்று அது விளக்கிக்கொண்டிருந்தது. தம்பி பேசிக்கொண்டிருந்த போனைக் கீழே வைத்தான்.

வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டார். பாடம் முடிந்ததும் அவள் பக்கம் குனிந்து காற்றாகச் சொன்னார்:

"கொஞ்சம் வேகமா படிச்சிருக்கேன்."

கோபமா, சமாதானமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நகலெடுத்து முடிய மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை அவர் எழுந்து போகவில்லை. அவளும் வேறு வேலையைத் தொடவில்லை. பிறகு இரண்டு டிஸ்க்கையும் பையில் வைத்துக்கொண்டு அவர் படியிறங்கினார்.

"அக்கா, நாளைக்கு வராத. வீட்டுல இரு. நான் பாத்துக்கறேன்," என்றான் தம்பி.

அவள் சரி என்று தலையாட்டினாள்.